காது கேளாதோர் கண்ட கலையும் விழாவும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் அமர்ந்து, நான் பேசுவதையெல்லாம் மேடையோரம் நிற்கும் சகோதரியின் கைகளில் கண்டுகொண்டிருக்கும் காது கேளாத அன்பர்களே, உங்களுக்கு என் தனி வணக்கம்.

"ஒரு சமுதாயத்துக்கு விழாவும் கலையும் எதற்கு?" என்பது விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு. பொன்விழா கொண்டாடும் நமக்குப் பொருத்தமான கேள்விதான். பந்தல் போட்டோம், கொடியேற்றினோம், நாடகம் போட்டோம், கண்காட்சி வைத்தோம். இவையெல்லாம் வெறும் கேளிக்கைதானா, அல்லது இவற்றுக்குள் வேறு ஏதேனும் இருக்கிறதா? இக்கேள்விக்கு விடை தேட நான் உங்களை ஒரு தனிப்பட்ட சமுதாயத்தாரிடம் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தங்கள் மொழி பள்ளிக்கூடங்களில் தடை செய்யப்பட்டிருந்த காலத்திலும், விருந்தாலும் ஓவியத்தாலும் நாடகத்தாலும் திரைப்படத்தாலும் அம்மொழியைக் காத்து, தங்கள் உரிமையையும் மீட்டுக்கொண்டவர்கள் அவர்கள். காது கேளாதோரைத்தான் சொல்கிறேன்.

சொல்லில் உள்ள குறை

முதலில் நம் வாயில் வழங்கும் சொற்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பயனற்ற பேச்சைச் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோம். வெளியே சொல்ல முடியாத நினைவை 'ஊமை கண்ட கனவு' என்கிறோம். கல்வியின் சிறப்பைச் சொல்ல வந்த வள்ளுவப் பெருந்தகையும் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்டே கற்ற நாடு இது. ஆகவே காது கேளாதவனுக்கு அறிவும் எட்டாது என்ற எண்ணம் நம்மையறியாமலே நமக்குள் ஊறிப்போய்விட்டது. இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. விசுவாசம் செவிவழி வருவது என்று பவுலடிகளார் எழுதியதை எழுத்தின்படியே எடுத்துக்கொண்டு, காது கேளாதவர்களுக்கு மறையறிவு ஊட்ட இயலாது என்று ஐரோப்பாவில் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

ஆனால் உண்மை என்ன? கனவு கண்ட ஊமைக்கு அதைச் சொல்ல மொழி இருந்தது. நமக்குத்தான் அது தெரியவில்லை. காது கேளாதோர் கூடி வாழும் இடமெங்கும் சைகை மொழி தானே பிறந்து வளர்கிறது. அது பேச்சு மொழியைக் கையால் எழுதிக் காட்டுவதன்று. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே சைகை மொழியும் கிடையாது. இங்கிலாந்தும் அமெரிக்காவும் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆயினும் இரு நாட்டுக் காது கேளாதோரின் சைகை மொழிகளும் வேறு வேறு. அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சுச் சைகை மொழியே. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். 1960-ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்கப் பேராசிரியர், கையின் வடிவம், அது நிற்கும் இடம், அது அசையும் விதம் ஆகிய உறுப்புகளைக் கொண்டே சைகைச் சொற்கள் அமைகின்றன என்று ஆராய்ந்து காட்டிய பிறகே, இது இலக்கணமுடைய மொழி என்பதைக் கல்வியுலகம் ஏற்கத் தொடங்கிற்று.

நாட்டியத்தை வளர்த்த நமக்கு இது விளங்காததன்று. நாட்டியத்தில் கைமுத்திரை பாட்டுக்கு விளக்கம் தருகிறது. சைகை மொழியிலோ கையே பாட்டாகவும் இருக்கிறது. முகம் அதன் இலக்கணம். புருவம் உயர்ந்தால் ஒரு வகைக் கேள்வி. சுருங்கினால் வேறொரு வகைக் கேள்வி.

காட்சிக்கு வைக்கப்பட்ட பிள்ளைகள்

காது கேளாதோரின் கல்வி வரலாற்றில் மறக்க முடியாத பெயர் அபே ஷார்ல் மிஷேல் தெ லெப்பே. 1712-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்த கத்தோலிக்கக் குரு. 1760-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் காது கேளாத சகோதரியர் இருவரைச் சந்தித்தார். அவர்களுக்கு மறைக்கல்வி புகட்ட எண்ணியவர், அவர்கள் தமக்குள் சைகையால் பேசுவதைக் கண்டு, தாம் அதைக் கற்று அதன் வழியாகவே கற்பிக்கத் துணிந்தார். 'அவர்கள் என் மொழிக்கு வரட்டும்' என்று காத்திராமல், அவர்கள் மொழிக்குத் தாம் சென்றார். அவருடைய பெருமை முழுவதும் அந்த ஓர் அடியில் அடங்கியிருக்கிறது. அவர் நடத்திய பள்ளியை, அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில், 1791-இல், பிரெஞ்சு தேசிய மன்றம் அரசின் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது.

பள்ளிக்கு ஆதரவு திரட்ட வேண்டியிருந்ததால், லெப்பே தம் மாணவர்களைப் பொதுமக்கள் முன் நிறுத்தித் தேர்வுகள் நடத்திக் காட்டினார். பெருமக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். 1777-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பே நேரில் வந்தார். லெப்பேக்குப் பின் வந்த அபே சிக்கார் இக்காட்சிகளை மேலும் பெரிதாக நடத்தினார். அவருடைய மாணவர் ழான் மாசியூ மேடையில் நிற்பார். பார்வையாளர்கள் கேள்வி கேட்பார்கள். 'நன்றி என்றால் என்ன?' என்ற கேள்விக்கு, அது இதயத்தின் நினைவாற்றல் என்று அவர் எழுதிக் காட்டிய விடை ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

இக்காட்சிகளால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. 1815-இல் சிக்கார் தம் மாணவர்களுடன் இலண்டனில் நடத்திய காட்சியைப் பார்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட். அவர் மறு ஆண்டு பாரிஸ் சென்று, லோரான் கிளேர் என்ற காது கேளாத ஆசிரியரைத் தம்முடன் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். கப்பல் பயணத்தில் ஒருவர் ஆங்கிலமும் மற்றவர் சைகையும் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டே சென்றார்களாம். 1817 ஏப்ரல் 15-ஆம் நாள் ஹார்ட்ஃபோர்டு நகரில் அவர்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சுச் சைகை மொழிக்கு உறவானது இவ்வாறுதான்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேடையில் கேள்வி கேட்டவர்கள் யார்? காது கேட்பவர்கள். வியந்தவர்களும், 'பாவம், இவனுக்கும் அறிவு இருக்கிறதே' என்று கைதட்டியவர்களும் அவர்களே. மேடையில் நின்றவர் எவ்வளவு அறிவாளியாயினும், அவர் அங்கே காட்சிப் பொருளாகவே நின்றார்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். காது கேளாத மனிதனை மக்கள் ஆண்டவரிடம் கொண்டுவந்தபோது, அவர் முதலில் செய்தது என்ன? அவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். அவனை வேடிக்கைப் பொருளாக்க அவர் விரும்பவில்லை. பிறகு அவன் செவிகளைத் தொட்டார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார். 'எப்பேத்தா' என்ற சொல் பிறக்கும் முன்பே, அவன் கண்ணால் கண்டு புரிந்துகொள்ளும்படி அவர் கைகள் பேசிவிட்டன.

பாரிஸ் விருந்துகள்

காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டவர்கள் தாமே விழாவெடுக்கத் தொடங்கிய நாளும் வந்தது. பாரிஸ் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரான காது கேளாத அறிஞர் ஃபெர்டினான் பெர்த்தியே. இவர் 1834 நவம்பரில், லெப்பேயின் பிறந்த நாளை முன்னிட்டு ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ அறுபது பேர் கூடினார்கள். அவர்களுள் ஓவியர்களும் இருந்தனர், ஆசிரியர்களும் இருந்தனர். வாழ்த்துரைகள் சைகையில் வழங்கப்பெற்றன. ஆண்டுதோறும் அவ்விருந்து தொடர்ந்து நடந்தது. காது கேட்கும் செய்தியாளர்களும் பிரமுகர்களும் விருந்தினராக அழைக்கப்பட்டனர்.

அங்கு நிகழ்ந்த மாற்றத்தை எண்ணிப் பாருங்கள். அந்த மண்டபத்தில் எல்லோரும் நகைத்தால் ஏன் நகைக்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தவர் காது கேட்கும் விருந்தினரே. மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். ஊனம் என்பது காதில் மட்டும் இல்லை, கூடியிருக்கும் இடத்தின் ஏற்பாட்டிலும் இருக்கிறது என்பதை அந்த ஒரு மாலைப்பொழுது உணர்த்திவிட்டது. அவ்விருந்துகளைத் தொடர்ந்து 1838-இல் பெர்த்தியே காது கேளாதோருக்கென ஒரு சங்கம் கண்டார். உலகில் இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படும் சங்கம் அது. விருந்திலிருந்து சங்கமும், சங்கத்திலிருந்து உரிமைக் குரலும் பிறந்தன.

கலையிலும் அவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஸ்பெயின் நாட்டில் 'எல் மூதோ', அதாவது ஊமையர், என்றே பெயர் பெற்ற ஓவியர் நவரேத்தே, இரண்டாம் பிலிப்பு மன்னருக்காக எஸ்கோரியல் மடத்தில் பீடப் படங்கள் வரைந்திருந்தார். பாரிஸ் பள்ளியின் முற்றத்தில் 1879-இல் நிறுவப்பட்ட லெப்பேயின் சிலையைச் செதுக்கிய ஃபெலிக்ஸ் மார்த்தேன் காது கேளாதவர். மூளையில் பேச்சுக்குரிய இடத்தைக் கண்டறிந்த மருத்துவர் பால் புரோக்காவுக்குப் பாரிஸ் மாநகர் 1887-இல் சிலை எடுத்தபோது, அதை வடித்தவர் காது கேளாத சிற்பி பால் ஷொப்பேன். பேச்சின் இருப்பிடத்தைக் கண்டவருக்கு, பேச்சொலியைக் கேளாதவர் உருவம் கொடுத்தார்! அவ்வெண்கலச் சிலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருக்கப்பட்டுவிட்டது; செய்தவரின் புகழை உருக்க முடியவில்லை.

மிலான் தீர்மானம்

இனி நான் சொல்லப்போவது நமக்கு இனிக்காத செய்தி. ஆயினும் பொன்விழாவில் இனிப்பானவற்றை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான உலக மாநாடு கூடியது. வந்திருந்த பேராளர் 164 பேர். அவர்களுள் காது கேளாதோரை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். மாநாட்டுத் தலைவர் ஒரு குருவானவர், ஜூலியோ தாரா. பேச்சே சைகையினும் உயர்ந்தது, ஆகவே பள்ளிகளில் வாய்ப்பேச்சு முறையையே கையாள வேண்டும் என்று அம்மாநாடு பெருவாரியான வாக்குகளால் தீர்மானித்தது. வாக்களித்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் நன்மையை நாடியவர்களே அவர்கள். ஆனால் யாருடைய மொழியைப் பற்றி முடிவெடுத்தார்களோ, அவர்களைக் கேளாமலே முடிவெடுத்தார்கள்.

அதன் பின் நூறாண்டுக்கு நிகழ்ந்தது துயர வரலாறு. நாடு நாடாகப் பள்ளிகளிலிருந்து காது கேளாத ஆசிரியர்கள் விலக்கப்பட்டனர். வகுப்பில் சைகை செய்த பிள்ளைகளின் கைகளில் அடி விழுந்தது. கைகளைக் கட்டிவைத்த பள்ளிகளும் உண்டு. ஒலியே கேளாத பிள்ளை, உதட்டசைவைப் பார்த்து ஒரு சொல்லை உச்சரிக்கப் பல மாதம் முயலும். கணக்கும் வரலாறும் மறையறிவும் அதுவரை காத்துக் கிடக்கும். பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? விளக்கணைந்த பிறகு விடுதி அறைகளிலும், விளையாட்டு மைதானத்தின் மூலைகளிலும் சைகையில் கதை சொன்னார்கள். பெரியவர்கள் சங்கங்களில் கூடி நாடகம் ஆடினார்கள். மொழி அங்கே உயிர் பிழைத்தது.

அமெரிக்கக் காது கேளாதோர் தங்கள் தேசியச் சங்கத்தைத் தொடங்கியதும் அதே 1880-ஆம் ஆண்டில்தான். அச்சங்கத் தலைவராக இருந்த ஜார்ஜ் வெடிட்ஸ் ஓர் அரிய முயற்சி செய்தார். எட்டு வயதில் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர் அவர். திரைப்படம் என்பது பேசாப் படமாக இருந்த காலம் அது. பேசாப் படம் கைம்மொழிக்கு வாய்த்த ஏடல்லவா? உறுப்பினர்களிடம் நன்கொடை திரட்டி, சிறந்த சைகைப் பேச்சாளர்களைப் படம் பிடித்து வைக்கச் செய்தார். 1913-இல் அவரே தோன்றி, சைகை மொழியைக் காக்க வேண்டும் என்று நிகழ்த்திய உரையும் அவ்வாறு பதிவாயிற்று. உலகில் காது கேளாதோர் உள்ளவரை சைகை மொழியும் இருக்கும் என்பதும், கடவுள் தங்களுக்கு அளித்த மேலான கொடையாக அதனைப் போற்றிக் காக்க வேண்டும் என்பதும் அவ்வுரையின் சாரம். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த நம் முன்னோரின் பணியை ஒத்தது இது. அப்படம் 2010-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

ஓவியமும் நாடகமும் உரிமைக் குரலாயின

1967-இல் அமெரிக்காவில் காது கேளாதோர் தேசிய நாடகக் குழு தோன்றிற்று. மேடையில் ஒருவர் சைகையால் நடிக்க, மற்றொருவர் அதைக் குரலால் உரைப்பார். ஆகவே கேட்பவரும் கேளாதவரும் ஒரே அரங்கில் அமர்ந்து களிக்கலாம். அக்குழு 1971-இல் தன் நடிகர்களின் சொந்த வாழ்வைக் கொண்டே 'என் மூன்றாம் கண்' என்ற பொருள்படும் நாடகத்தை ஆக்கிற்று. அதில் ஒரு பகுதி சர்க்கஸ் வேடிக்கை போல அமைந்தது. அங்கே வேடிக்கைப் பொருள் யார் தெரியுமா? காது கேட்பவர்கள்! முகத்தில் அசைவே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசும் இந்த வினோத மனிதர்களைப் பாருங்கள் என்று அவர்கள் நம்மைக் காட்டினார்கள். சிக்காரின் மேடை தலைகீழாகத் திரும்பிவிட்டது. நகைச்சுவைதான், ஆயினும் நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு அதில் தீர்க்கப்பட்டது.

அதற்கு மறு ஆண்டு, 1972-இல், பெட்டி மில்லர் என்ற ஓவியர் ஒரு படம் வரைந்தார். இரு கைகள் விலங்கிடப்பட்டிருக்கின்றன, விரல்கள் துண்டிக்கப்பட்டிருக்கின்றன. சைகை மொழிக்குத் தடை என்பதே அதன் தலைப்பின் பொருள். அவருடைய பெற்றோர் இருவரும் காது கேளாதோர். வீட்டில் சைகையே தாய்மொழி. பள்ளியிலோ வாய்ப்பேச்சுப் பயிற்சி. அந்த வேதனையை அவர் கட்டுரையாக எழுதியிருந்தால் ஆசிரியர் சிலர் மட்டும் படித்திருப்பார்கள். படமாக வரைந்ததால், பார்த்தவர் எவரும் தம் விரல்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது.

1988-இல் நடந்ததை உலகமே அறியும். வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகம் 1864-இல் காது கேளாதோருக்கென நிறுவப்பட்டது. ஆனால் 124 ஆண்டுகளில் ஒருமுறையேனும் காது கேளாத ஒருவர் அதன் தலைவராக வந்ததில்லை. அவ்வாண்டு மார்ச் 6-ஆம் நாள், தகுதி வாய்ந்த காது கேளாதோர் இருந்தும், ஆட்சிக் குழு காது கேட்கும் ஒருவரையே மீண்டும் அமர்த்திற்று. மாணவர்கள் வாயிற்கதவுகளை அடைத்து அமர்ந்தனர். நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவைத் தாங்கிய பழைய பதாகை ஒன்றை இரவல் வாங்கி அவர்கள் முன்னே ஏந்திச் சென்றதாகச் சொல்வார்கள். ஒரே வாரத்தில் ஆட்சிக் குழு பணிந்தது. மார்ச் 13-ஆம் நாள் காது கேளாதவரான கிங் ஜோர்டன் தலைவரானார்.

வெற்றிக்குப் பின் அவர்கள் என்ன செய்தார்கள்? விழாவெடுத்தார்கள்! 1989 மே மாதம் பெட்டி மில்லர் உள்ளிட்ட ஒன்பது கலைஞர்கள் அதே பல்கலைக்கழகத்தில் கூடி, தங்கள் கலைக்கு ஒரு பெயரும் இலக்கணமும் வகுத்து அறிக்கை வெளியிட்டனர். 'டேவியா' என்பது அப்பெயர். காது கேளாதோரின் வாழ்க்கை அனுபவத்தைக் கண்ணுக்குரிய வடிவில் வெளிப்படுத்தும் கலை என்பது அதன் கருத்து. அழுத்தமான வண்ணம், பெரிதாக்கிய கண், வாய், காது, கை ஆகியவை அதில் அடிக்கடி தோன்றும். காது கேளாத ஓவியர் வரைந்ததெல்லாம் டேவியா ஆகாது. அவ்வனுபவத்தைப் பேசுவதே டேவியா என்றும் அவர்கள் தெளிவாக வரையறுத்தார்கள். அவர்களுள் ஒருவரான சக் பேர்டு, ஒரு பொருளின் உருவத்தோடு அதைக் குறிக்கும் சைகையையும் இணைத்து வரைவதில் வல்லவர். முதலையின் வாய் இருக்க வேண்டிய இடத்தில், முதலையைக் குறிக்கும் சைகையின் இரு கைகள் இருக்கும்.

அவ்வாண்டு ஜூலையில் 'காது கேளாதோர் வழி' என்ற பொருள்படும் பெருவிழா வாஷிங்டனில் நடந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 6,000-க்கும் மேற்பட்டோர் வந்து கூடினார்கள். பகலில் ஆய்வரங்கு, மாலையில் நாடகம், ஆடல், கதைசொல்லல், சுவரெங்கும் ஓவியம். தன் ஊரில் தன்னந்தனியாய் வாழ்ந்த ஒருவர், தம்மைப் போன்ற ஆயிரமாயிரம் பேர் கைகளால் உரையாடும் மண்டபத்துக்குள் நுழைந்தால் எப்படி இருந்திருக்கும்? 2002-இல் இரண்டாம் முறை நடந்தபோது 9,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். பிரான்சு நாட்டின் ரேன்ஸ் நகரில் 2003-இல் தொடங்கிய சைகைக் கலை விழா அந்த மரபைத் தொடர்ந்தது. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய உலகக் கல்வி மாநாடு, மிலான் தீர்மானத்தின் தீமைகளுக்கு வருத்தம் தெரிவித்து அதனைக் கைவிட்டது. 130 ஆண்டுகள் ஆயின! ஐக்கிய நாடுகள் சபையும் செப்டம்பர் 23-ஆம் நாளை உலகச் சைகை மொழிகள் நாளாக அறிவிக்க, 2018 முதல் அது கொண்டாடப்படுகிறது.

நம் நாட்டில்

நம் நாட்டின் நிலை என்ன? 1880-களில் மும்பையில் காது கேளாதோர் பள்ளி எழக் காரணமாயிருந்தவர் கத்தோலிக்க ஆயர் லியோ மெரின். 1890-களில் பாளையங்கோட்டையில் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய பணி இன்றும் அவர் பெயராலே விளங்குகிறது. ஓவியரும் சிற்பியும் கட்டடக் கலைஞருமான சதீஷ் குஜ்ரால் எட்டு வயதில் கேட்கும் திறனை இழந்தவர். நாட்டுப் பிரிவினையின் கொடுமையை வரைந்த அவருடைய ஓவியங்களும், தில்லியில் அவர் வடிவமைத்த பெல்ஜியத் தூதரகமும் உலகப் புகழ் பெற்றவை. 2015-இல் இந்தியச் சைகை மொழிக்கென நடுவண் அரசு ஓர் ஆய்வு, பயிற்சி நிலையம் அமைத்தது. 2018-இல் 3,000 சொற்களோடு அது வெளியிட்ட அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2024 மே மாதம் கேரளத்தின் திருச்சூரில், இந்தியாவின் முதல் காது கேளாத குரு அருட்பொழிவு பெற்றார்.

இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் கலையில் நாம் செல்ல வேண்டிய தூரம் மிகுதி. 2007-இல் வந்த 'மொழி' திரைப்படம் காது கேளாத பெண்ணைத் தன்மானமுள்ள கதைத்தலைவியாகக் காட்டிற்று, பாராட்டத்தக்கதே. அப்பாத்திரத்தில் நடித்தவரோ காது கேட்கும் நடிகை. அமெரிக்காவில் 1987-இலேயே காது கேளாத நடிகை மார்லி மேட்லின் ஆஸ்கார் விருது பெற்றார். 2022-இல் காது கேளாத நடிகர் டிராய் காட்சர் பெற்றார். தம் கதையில் தாமே நடிக்கும் வாய்ப்பு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்போது?

சிலர் கேட்கலாம்: இக்காலத்தில் செவிக்குள் கருவி பொருத்துகிறார்களே, அரசே காப்பீட்டுத் திட்டத்தில் உதவுகிறதே, இனிச் சைகை மொழி எதற்கு என்று. கருவியை நான் குறை கூறவில்லை. பயன்பெறும் குழந்தைகள் பயன்பெறட்டும். ஆனால் கருவி எல்லோருக்கும் ஒன்றுபோல் பயன் தருவதில்லை. கழற்றி வைத்த நேரத்தில் அக்குழந்தை காது கேளாத குழந்தையே. ஒரு மொழி கிடைக்க இன்னொரு மொழியைப் பறிக்க வேண்டும் என்பதுதான் மிலானில் நடந்த பிழை. அதை நாம் வேறு பெயரில் மறுபடியும் செய்யலாகாது.

நாம் செய்யத்தக்கவை

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி இலத்தீனிலிருந்து நம் தாய்மொழிக்கு வந்தது. புரியாத மொழியில் முழந்தாளிட்டிருந்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு அது எத்தகைய விடுதலை! 'ஆண்டவர் நம்ம பாஷையிலேயே பேசுறார்' என்று மகிழ்ந்தவர்களைப் பற்றி நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். நம்மிடையே காது கேளாத சகோதரர்கள் இன்னும் இலத்தீன் காலத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். எழுந்தால் எழுகிறார்கள், அமர்ந்தால் அமர்கிறார்கள். மறையுரையில் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் கேட்டால், 'அப்புறம் சொல்றேன்' என்ற விடைதான் கிடைக்கிறது. அந்த அப்புறம் வருவதே இல்லை.

எனவே பொன்விழாவின் நினைவாக நான்கு வேண்டுகோள்களை இப்பங்கின் முன் வைக்கிறேன்.

ஒன்று: இன்று இந்த மேடையோரம் நிற்கும் சைகை மொழிபெயர்ப்பு, விழாவோடு முடியாமல் ஞாயிறு திருப்பலியிலும் தொடரட்டும். நம் இளைஞர் சிலர் முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். அவர்களுக்குக் கற்பிப்பவர் காது கேளாதவராக இருக்கட்டும்.

இரண்டு: அடுத்த ஆண்டுத் திருவிழாவில் ஒரு மாலைப்பொழுதைக் காது கேளாதோரிடமே ஒப்படைப்போம். நாடகத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். கண்காட்சியில் எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். நாம் நாற்காலி போடுவோம், விளக்குக் கட்டுவோம், விருந்தினராக அமர்வோம். அன்றைக்கு மொழிபெயர்ப்பு நமக்குத் தேவைப்படட்டும்.

மூன்று: நம் வட்டாரத்தில் வயது முதிர்ந்த காது கேளாதோர் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள பழைய சைகைகளும் கதைகளும் எந்த ஏட்டிலும் இல்லை, அவர்களோடு மறைந்துவிடும். வெடிட்ஸ் பணம் திரட்டிக் கேமராவைத் தேடினார். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. அவர்கள் இசைவோடு அவர்கள் வாழ்க்கையைப் பதிவு செய்து, பங்கின் ஆவணங்களோடு சேர்த்து வைப்போம்.

நான்கு: காது கேளாதோர் பற்றிப் பங்குப் பேரவை எடுக்கும் எந்த முடிவும் அவர்களுள் ஒருவர் அமர்ந்திருக்கும் கூட்டத்திலேயே எடுக்கப்படட்டும். மிலானில் 164 பேர் இருந்தும் இல்லாமல் போனது அதுதான்.

அன்பர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு சமுதாயத்துக்கு விழா எதற்கு? 'நாங்கள் இருக்கிறோம், இப்படி இருக்கிறோம்' என்று தன்னைத் தானே காட்டிக்கொள்வதற்கு. தன் பிள்ளைகளுக்குத் தன் மொழியைக் கையளிப்பதற்கு. பாரிஸ் விருந்தில் கூடிய அறுபது பேர் அதைத்தான் செய்தார்கள்; ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓலைக் கொட்டகையில் முதல் திருப்பலிக்குக் கூடிய நம் முன்னோரும் அதைத்தான் செய்தார்கள். நம் விழாவில் அவர்களுக்கும் இடம் கொடுத்தால் நம் பொன்விழா நிறைவுறும்.

ஒரு சிறு விண்ணப்பம்: உரை முடிந்ததும் கைதட்டுவது நம் வழக்கம். அந்த ஒலி முன்வரிசைக்குக் கேளாது. காது கேளாதோர் தம் பாராட்டை இரு கைகளையும் உயர்த்தி அசைத்துக் காட்டுவார்கள். இன்று நாம் எல்லோரும் அவ்வாறே செய்வோம். பாராட்டு எனக்கன்று, இத்தனை நேரமும் கை ஓயாமல் மொழிபெயர்த்த சகோதரிக்கும், கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்த அவர்களுக்கும்.